தோப்பில் வெட்டிய மாமரம்: நம் மரவேலைக் குழு என்ன செய்யலாம்?

பெண்ணையாற்றங்கரை:

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வர முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு தோப்பில் பழைய பெங்களூரா மாமரங்களை எடுத்துவிட்டு வேறு பயிர் வைக்கப்போகிறார்கள். கூழ் ஆலைக்குப் போகும் காய்க்கு விலை விழுந்தால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? விறகுக்குப் போகிற மரங்களில் ஒன்றை நம் குழுவுக்கே தருகிறேன் என்கிறார் தோப்புக்காரர். காசு வேண்டாமாம். "பிள்ளைகளுக்கு உதவுற மாதிரி ஏதாவது செய்ங்க" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அடிமரம் 6 அடி நேராக இருக்கிறது. சுற்றளவு 72 அங்குலம். அதற்கு மேல் கவை பிரிந்து வளைந்துவிடுகிறது, கிளைகளில் பெரிதாக ஒன்றும் தேறாது.

பட்டறையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அங்கன்வாடிக்குச் சின்ன ஸ்டூல் என்றார் ஒருவர். பெரிய ஒற்றைப் பலகை மேஜை செய்து விற்று, அந்தக் காசில் நல்லதாக ஒரு இழைப்பு மெஷின் வாங்கலாம் என்றார் இன்னொருவர். பல்லாங்குழி, நடைவண்டி, களி கிண்டும் துடுப்பு என்று பட்டியல் நீண்டது. முடிவு எதுவும் ஆகவில்லை. மரம் வெட்டிக் கிடக்கிறது, நமக்காகக் காத்திருக்காது. சீக்கிரம் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை ஆசாரி:

மாமரம் ஒரே வருடத்தில் உளுத்து மாவாகிவிடும். தக்காளிப் பெட்டி அடிக்கத்தான் லாயக்கு. நம்பாதவர்கள் எங்கள் ஊர் மண்டிக்கு வந்து பாருங்கள்.

மத்தூர் மாந்தோப்பு:

ஆசாரி ஐயா சொல்வது வெட்டிப்போட்டு மறந்துபோன மரத்துக்குப் பொருந்தும். தாத்தா காலத்தில் மாமரத்தை வெட்டினால் ஏரியில் தள்ளிவிட்டு மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். எடுக்கும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் அந்தப் பலகை உளுக்காது. எங்கள் வீட்டுப் பரண் பலகை இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது எந்த ஏரியில் தண்ணீர் இருக்கிறது, இருந்தாலும் யார் விடுவார்கள் என்பது வேறு கதை.

ஓசூர் ஷிஃப்ட்:

இரண்டு பேர் சொல்வதும் சரி. மாமரத்தில் வைரம் (நடுவில் இருக்கும் கெட்டியான பகுதி) என்று தனியாகப் பெரிதாகக் கிடையாது, பெரும்பகுதி வெளிறுதான் (அதைச் சுற்றியுள்ள வெளிப்பகுதி). அதில் மாவுச்சத்து நிறைய. துளைக்கும் வண்டுக்கு அதுதான் சாப்பாடு. தண்ணீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து கெட்டுப்போகிறது, வண்டுக்கு அங்கே வேலை இல்லை. ஏரி இல்லாதவர்களுக்கு வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் இருக்கின்றன. நகை வேலை செய்பவர்கள் பற்றவைக்க வைத்திருப்பார்களே, அதே வெங்காரம்தான்.

மூங்கிலுக்குச் செய்யும் கணக்கையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம். 100 லிட்டர் தண்ணீரில் போரிக் அமிலம் 2 கிலோ, வெங்காரம் 3 கிலோ. குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தால் தொட்டி தயார். அறுத்த ஈரத்தோடு பலகையை உள்ளே போட வேண்டும். காய்ந்த பலகை மேலோட்டமாகத்தான் குடிக்கும், ஈரப் பலகைக்குள் உப்பு தானாகவே ஊர்ந்து போகும். 1 அங்குலப் பலகையை ஒரு வாரம் ஊறவிட்டு எடுத்து, மூடிவைத்து, அப்புறம் காயவைக்கலாம். வெட்ட வெளியில் மழை படுகிற பொருளுக்கு இது உதவாது, மழையில் கரைந்து போய்விடும். மீந்த கரைசலை யாரும் மரத்தடியில் கொட்டிவிடாதீர்கள். போரான் கொஞ்சம் இருந்தால் செடிக்கு உரம், அதிகமானால் இலை ஓரத்திலிருந்து கருகிவிடும்.

இனி அளவுக்கு வருவோம். மில்லில் கட்டை அளக்கும் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதனால் விரித்தே எழுதுகிறேன். சுற்றளவை நாலால் வகுத்தால் 18. பதினெட்டைப் பதினெட்டால் பெருக்கினால் 324. அதை நீளம் ஆறால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 13.5 கன அடி. வட்டக் கணக்கில் பார்த்தால் அதே கட்டை 17 கன அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். நாலில் ஒரு சுற்றளவுக் கணக்கு எப்போதும் உண்மை அளவில் 78.5 சதவீதம்தான் காட்டும். பட்டைப் பக்கம் தள்ளுவது, ரம்பம் தின்பது எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெரியவர்கள் வைத்த தள்ளுபடி அது. யாரையும் ஏமாற்றுவதற்கு இல்லை.

நடுக்குருத்தை நீக்கி, வெடிப்பை நீக்கி, 7 கன அடி பலகை கையில் வந்தால் நல்லது. 1 கன அடி என்றால் 1 அங்குலக் கனத்தில் 12 சதுர அடி. ஆக 84 சதுர அடி. காய்ந்து, இழைத்த பிறகு முக்கால் அங்குலம் நிற்கும்.

தகடூரான்:

84 சதுர அடியைத் துண்டு துண்டாக நறுக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நடுவில் ரெசின் ஊற்றி ஆறு ஓடுகிற மாதிரி ஒரு மேஜை செய்தால் பெங்களூரில் என்ன விலைக்குப் போகும் தெரியுமா? ஒரு மேஜை போதும், பட்டறைக்கு வேண்டிய எல்லா மெஷினும் வந்துவிடும். தென்பெண்ணையில்தான் தண்ணீர் ஓடவில்லை, மேஜையிலாவது ஓடட்டும்.

ஓசூர் ஷிஃப்ட்:

//ஒரு மேஜை போதும்//

தம்பி, அந்த மாதிரி மேஜைக்கு இரண்டரை அங்குலக் கனத்தில் பலகை வேண்டும். நிழலில் காற்றில் காயவைத்தால் 1 அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் ஊர் வெயிலில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம், ஆனால் இரண்டரை அங்குலம் அடுத்த பொங்கலுக்கு நிச்சயம் காயாது. ஈரமான மரத்தில் ரெசின் ஊற்றினால் மரம் சுருங்கிப் பிரிந்துகொள்ளும். ரெசின் விலை தனி, அதுவும் நம் பணம்.

தகடூரான்:

சரி, ஆறு வறண்டுவிட்டது. மேலே பேசுங்கள்.

பாலக்கோட்டுக்காரி:

களி துடுப்பு யோசனை என்னுடையது, அதனால் நானே சொல்கிறேன்: இந்த மரத்தில் அது வேண்டாம். ஓசூர் அண்ணா மருந்து பற்றி எழுதியதைப் படித்ததும் தெளிந்துவிட்டது. கொதிக்கிற உலையில் கேழ்வரகு மாவைப் போட்டு அழுத்திக் கிண்டும்போது துடுப்பு முழுக்க ஊறும். மருந்து போட்ட மரத்தை அதில் விட முடியுமா? மருந்து போடாமல் விட்டாலும் மா மெத்தென்று இருக்கும், ஈரத்தில் நார் நாராக எழும்பும், களியில் சிலும்பு வரும். துடுப்புக்குப் புளிதான் சரி. கறிக்கடைக் கட்டையே புளிதானே? எத்தனை அடி விழுந்தாலும் தாங்கும். அதற்கு அடிமரம் தேவையில்லை, கை கனத்துக்கு நேராக ஒரு கிளை இருந்தால் போதும். பட்டறையில் பெண்கள் நாலு பேர் இருக்கிறோம். தனியாக ஒரு ஞாயிறு ஒதுக்கிக் கொடுங்கள், துடுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

துடுப்புக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவினால் அப்போதைக்குப் பளபளக்கும், ஆனால் அவை காயாத எண்ணெய், பிசுபிசுத்து நாறும். ஆளி விதை எண்ணெய் காயும். மெல்லியதாகத் தடவித் துடைத்துவிட்டு, முழுக்கக் காயும்வரை விட்டுவிட வேண்டும். எங்கள் பாட்டி எதையும் தடவியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கழுவி நிழலில் சாய்த்துவைப்பார், அவ்வளவுதான்.

அதே காரணத்துக்காகக் கைக்குழந்தைகள் வாயில் வைக்கிற கிலுகிலுப்பை, பொம்மை எதுவும் இந்த மாமரத்தில் வேண்டாம்.

புளியமரத்தடி:

அரூரிலிருந்து வணக்கம். பொம்மைதான் வேண்டும் என்றால் வெட்பாலை இருக்கிறதே. நம் குன்றுகளில் வேலி ஓரமாக வளர்வதுதான். வெளுப்பாக, நெருக்கமான நாரோடு இருக்கும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் அரக்குப் பொம்மை கடைவது இந்த மரத்தில்தான், நம் எல்லையிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். கடைசல் மெஷினில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்கிற சூட்டில் அரக்கு உருகிப் பிடித்துக்கொள்ளும். மேலே தாழை மடலை வைத்து அழுத்தினால் மினுமினுப்பு வந்துவிடும். குழுவில் கடைசல் மெஷின் வைத்திருப்பவர் ஒருவர்தான், அவரும் அதில் மேஜைக் கால் மட்டுமே கடைகிறார். ஒரு நாள் எல்லோரும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?

என் ஓட்டு அங்கன்வாடி ஸ்டூலுக்கு.

மத்தூர் மாந்தோப்பு:

எனக்கும் ஸ்டூல்தான். தோப்புக்காரர் கேட்டதும் அதுதானே.

ராயக்கோட்டை ஆசாரி:

எல்லோரும் ஸ்டூல், ஸ்டூல் என்கிறீர்கள். என் மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் இந்தக் குழுவுக்கு வருவது உங்கள் ஆர்வத்தைப் பார்த்து. வங்கியில் வேலை பார்ப்பவர், வாத்தியார், கம்பெனியில் ஷிஃப்ட் பார்ப்பவர் எல்லோரும் ஞாயிறானால் இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊருக்குள் எங்கள் நிலைமை என்ன? முன்பு வண்டிச் சக்கரம், ஏர், நுகத்தடி. டயர் வண்டியும் டிராக்டரும் வந்ததும் அது போனது. அப்புறம் வாசக்கால், ஜன்னல். இப்போது அதுவும் இரும்பு, பிளாஸ்டிக் என்று ஆகிவிட்டது. கட்டில் பீரோ எல்லாம் கடையில் தவணையில் கிடைக்கிறது. மிச்சம் இருப்பது இந்தச் சில்லறை வேலைகள்தான். அதையும் நீங்கள் இலவசமாகச் செய்து கொடுத்தால், அடுத்த முறை ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்குக் கூலி கேட்கும்போது, "அந்தக் குழுவில் சும்மாவே செய்து கொடுத்தார்களே" என்பார்கள். இப்போதே ஒருவர் என்னிடம் கேட்டுவிட்டார்.

உங்களுக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு அடுப்பு எரிகிற விஷயம். மாமரம் மாவாகும் என்று நான் முதலில் எழுதியதில் பாதி இந்த எரிச்சல்தான்.

தகடூரான்:

ஆசாரி அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேலி பேச ஒன்றும் தோன்றவில்லை.

புளியமரத்தடி:

ஆசாரிக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். வாத்தியாராக இருந்தவன், கொஞ்சம் நீளும்.

அங்கன்வாடிக்கு மரத்தில் ஸ்டூல் செய்யச் சொல்லி உங்களிடம் யாராவது ஆர்டர் கொடுத்திருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. வாங்கினால் பிளாஸ்டிக் நாற்காலி வாங்குவார்கள், இல்லாவிட்டால் பாய் விரிப்பார்கள். ஆக இந்தக் குறிப்பிட்ட வேலையால் உங்கள் கூலி போகாது. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயம் உண்மைதான். சும்மா கிடைத்த பொருள் ஊருக்குள் விலையைக் கெடுக்கும். அதற்கு வழி செய்யாமல் "சேவை செய்கிறோம்" என்று நாம் மார்தட்டக் கூடாது.

நான் சொல்வது இதுதான். குழு யாரிடமும் ஆர்டர் எடுக்கக் கூடாது. கட்டில், கதவு, பெஞ்சு எது கேட்டு வந்தாலும் ஊர் ஆசாரியிடம் அனுப்ப வேண்டும். ஆசாரி செய்யாத வேலை, அல்லது செய்தால் அவருக்குக் கட்டுப்படியாகாத வேலையை மட்டும் நாம் எடுப்போம். உடைந்த ஊஞ்சல் பலகையை ஒட்டுவது, கால் ஆடும் பழைய பள்ளி மேஜையை முடுக்குவது மாதிரி. அப்புறம், இந்த ஸ்டூல் வேலையில் நமக்குக் கற்றுக்கொடுக்க ஆசாரி வரும் ஒவ்வொரு நாளுக்கும் ஊரில் என்ன நாள் கூலியோ அதைக் குழுவின் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றாலும் கொடுக்க வேண்டும். ஸ்டூலைக் கொடுக்கும்போது கூலி, மரம், ஆணி எல்லாம் சேர்த்து உண்மையான அடக்க விலையை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். சும்மா வந்தது என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

பெண்ணையாற்றங்கரை:

கணக்குப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. சந்தாப் பணத்தில் கூலி கொடுக்கலாம், தாங்கும். எனக்குச் சம்மதம்.

ஓசூர் ஷிஃப்ட்:

எனக்கும் சம்மதம், ஒரு திருத்தத்தோடு. அடக்க விலை எழுதும்போது நம் ஆட்களின் வேகத்தை வைத்துக் கூலி போடாதீர்கள். ஒரு ஸ்டூலுக்கு ஒரு கார் விலை வந்து நிற்கும். நடைவண்டிச் சக்கரத்தை ஒருவர் எத்தனை மாதமாக உருட்டிக்கொண்டிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தகடூரான்:

என்னைத்தான் சொல்கிறார். அண்ணா, நம் தகடூர் அதியமானைப் பாடும்போது ஔவை என்ன சொன்னாள்? ஒரு நாளில் எட்டுத் தேர் செய்கிற தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த ஒற்றைச் சக்கரம் மாதிரியானவன் என்றாள். தகடூரில் பிறந்த நான் சக்கரத்துக்கு ஒரு மாதத்துக்குக் குறைவாக எடுத்தால் ஊருக்கே அவமானம்.

ராயக்கோட்டை ஆசாரி:

அந்தத் தச்சன் மற்ற நாளில் எட்டுத் தேர் செய்தான் தம்பி. நீ மற்ற நாளில் என்ன செய்தாய்?

வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்தேன். கூலி விஷயத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆர்டர் எடுக்கக் கூடாது என்பதைப் பட்டறைச் சுவரில் எழுதி மாட்டுங்கள், அது போதும். இன்னொரு ஆசாரிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், நான் ஒருவன் மட்டும் கூலி வாங்கினால் நன்றாக இருக்காது. என் தம்பி முறை ஒருவர் பெரியாம்பட்டிப் பக்கம் இருக்கிறார், உளி பிடிக்க அவர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்.

இனி வேலையைப் பேசுவோம். 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு உட்கார 10 அங்குல உயரம் போதும். கால் கடைந்து, துளை போட்டு, கழுந்து (துளைக்குள் நுழைகிற முனை) இறக்குவதெல்லாம் கற்றுக்குட்டிகள் கையில் இருபது ஸ்டூலுக்கும் ஒரே மாதிரி வராது, ஆடும். நாலு கால் வேண்டாம். பலகையிலேயே செய்யுங்கள். இரண்டு பக்கப் பலகை, மேலே ஒன்று, நடுவில் இரண்டையும் பிடிக்க ஒரு குறுக்குப் பலகை. பக்கப் பலகையில் நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் பிள்ளை ஏறிக் குதித்ததும் பிளக்கும். அடியில் அரைவட்டமாக வெட்டிவிட்டால் நாலு மூலையில் நிற்கும், தரை கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் அவ்வளவாக ஆடாது. குறுக்குப் பலகைக்கு மட்டும் கழுந்து வைத்துப் பக்கப் பலகைக்கு வெளியே நீட்டி ஆப்பு அடிக்கலாம். கற்றுக்கொள்ளவும் அதில் வேலை இருக்கிறது.

பாலக்கோட்டுக்காரி:

மேல் பலகையைப் பசை போட்டு ஒட்டிவிடலாமா, திருகாணியா?

ராயக்கோட்டை ஆசாரி:

எல்லாப் பலகையிலும் நார் ஒரே பக்கம் சுற்றிவந்தால் ஒட்டலாம், எல்லாம் சேர்ந்தே அசையும். குறுக்குப் பலகை வரும் இடத்தில்தான் சிக்கல். மரம் நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில்தான் ஐப்பசி மழைக்கு உப்பும், சித்திரையில் சுருங்கும். குறுக்குப் பலகையின் அகலம் மேலும் கீழுமாக நிற்கிறது, பக்கப் பலகையில் அதே திசையில் நீளம். பசையை அந்த இடத்தில் தொடாதீர்கள்.

ஈரமரம்:

புதிதாகச் சேர்ந்தவன், தருமபுரி. ஸ்டூல் மேல் பலகையில் உட்கார வசதியாகக் குழிவு கொடுக்கலாமே? என்னிடம் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. மரம் அறுக்கிற பல் பிளேடு ஒன்று வாங்கி மாட்டினால் நிமிடத்தில் குழித்துவிடலாம். வீடியோவில் பார்த்தேன்.

ஓசூர் ஷிஃப்ட்:

தம்பி, வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம்.

அந்த கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுப் பக்கம் ஓடுவது. பல பல் பிளேடுகளை அந்த வேகத்துக்குச் செய்வதில்லை, பிளேடிலேயே அதிகபட்சச் சுற்று அச்சடித்திருக்கும், எடுத்துப் பாருங்கள். இரும்பு வெட்டும் தட்டு தேய்ந்துகொண்டே போகும், பல் பிளேடு அப்படி இல்லை. மரத்தில் ஒரு முடிச்சு வந்தால் பல் கவ்விக்கொள்ளும், கவ்விய நொடியில் மெஷின் உங்கள் பக்கம் எகிறும். பிளேடு பெரிதாக இருக்கிறதென்று மூடியைக் கழற்றிவிட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. ஆன் செய்தால் கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்விட்ச் வேறு. எங்கள் தொழிற்சாலையில் அதை மரத்துக்கு எடுத்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். நம் பட்டறையிலும் அதுதான் விதி. உப்புத்தாள் வட்டு மாட்டித் தேய்ப்பது வேறு விஷயம், அதற்கும் கண்ணாடி வேண்டும்.

அதோடு முகக்கவசம். மரத்தூள் தும்மலோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் தருபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்குக்குள் வருகிற புற்றுநோய். நாள் முழுக்க அதிலேயே கிடக்கிற ஆசாரிகளுக்குத்தான் ஆபத்து அதிகம், அவர்கள்தான் துண்டைக்கூடக் கட்டுவதில்லை.

ஈரமரம்:

சரி அண்ணா. பிளேடு வாங்கவில்லை. அப்போ குழிவை எதால் எடுப்பது?

ராயக்கோட்டை ஆசாரி:

குழிவே வேண்டாம். பிள்ளைகள் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு வண்டி ஓட்டுவார்கள், அடுக்கி ஏறுவார்கள். தட்டையாக இருக்கட்டும். ஓரத்தை மட்டும் உருட்டிவிடு. ஆசை இருந்தால் ஞாயிறு வா, வாச்சி (மரம் செதுக்கும் கருவி) பிடிக்கச் சொல்லித் தருகிறேன். காலுக்கு மட்டும் நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வா.

மத்தூர் மாந்தோப்பு:

மரம் ஏற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. பச்சை மரம், 6 அடி, அரை டன் பக்கம் வரும். கையால் தூக்குகிற வேலை இல்லை. என்னிடம் டிராக்டர் டிரெய்லர் இருக்கிறது, சங்கிலியும் இருக்கிறது. டீசல் போட்டுவிடுங்கள். வெட்டிய வாயில் பால் இன்னும் வடிகிறது, மாம்பால் பட்டால் தோல் பொத்துப்போகும். சிலருக்குத் தூள் பட்டாலே அரிக்கும், முந்திரி இனம்தானே. முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் யாரும் வர வேண்டாம்.

இரண்டு முனையிலும் இன்றே பெயிண்ட் அடித்துவிட்டேன், பழைய டப்பாவில் மிச்சம் இருந்தது. வெடிப்பு முனையிலிருந்துதான் ஓடும்.

பெண்ணையாற்றங்கரை:

மில்லில் பேசிவிட்டேன். அறுப்பார்கள், ஆனால் ஒரு நிபந்தனை. போன வருடம் யாரோ கொண்டுவந்த தோப்பு மரத்துக்குள் ஆணி இருந்து பட்டை ரம்பம் அறுந்துவிட்டதாம். தோப்பு மரம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். ரம்பம் போனால் விலையை நாம்தான் கொடுக்க வேண்டும். இந்த மரத்தில் தூக்குப் பை மாட்ட, கம்பி கட்ட ஆணி அடித்திருக்கிறார்களா?

மத்தூர் மாந்தோப்பு:

காவல் குடிசை ஒட்டியிருந்த மரம். அடிக்காமல் இருந்திருப்பார்களா? பட்டையில் கருநீலமாகக் கறை தெரிகிற இடமெல்லாம் சந்தேகம்தான். இரும்பு பட்டால் மாமரம் அப்படித்தான் கறுக்கும்.

ஓசூர் ஷிஃப்ட்:

பட்டையை முழுக்கச் சீவிவிட்டுப் பெரிய காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கட்டை முழுக்க நகர்த்துங்கள். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் போதும். மேலாக இருக்கிற ஆணி இழுக்கும். ஆழத்தில் போனது தெரியாது, அதற்கு உலோகம் காட்டும் கருவி வேண்டும். பட்டையைச் சீவினால் வண்டு முட்டை வைக்கிற இடமும் போய்விடும்.

பாலக்கோட்டுக்காரி:

என் வீட்டுக்காரர் ஸ்பீக்கர் ஒன்றை அட்டாலியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். காந்தத்தைக் கழற்றிக் கொண்டுவருகிறேன். அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

புளியமரத்தடி:

அடுக்குவதற்கு நிழலான இடம் வேண்டும். என் வீட்டுப் பின்னால் தகரக் கொட்டகை இருக்கிறது, ஆனால் அரூர் தூரம். பட்டறைப் பின்பக்கம் கிழக்கு மேற்காகக் காற்று ஓடுகிறது, அங்கேயே அடுக்கலாம். தரையிலிருந்து ஒரு அடி தூக்கிக் கல் வைத்து, அதன்மேல் பலகை, இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), மறுபடி பலகை. ரீப்பர் ஒன்றுக்கொன்று நேர்மேலே வர வேண்டும், ஒன்றரை அடிக்கு ஒன்று. தள்ளித் தள்ளி வைத்தால் பலகை அலை அலையாகத்தான் காயும்.

பெண்ணையாற்றங்கரை:

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். ஸ்டூல் முடிவாகிவிட்டது. மரம் காயும்வரை ஆசாரிகள் இருவரும் கழிவு மரத்தில் கழுந்து, துளை பழக்குவார்கள், கூலி குழுப் பணத்தில். துடுப்புக்குப் புளிக்கிளை பாலக்கோட்டு அக்கா பொறுப்பு. சென்னபட்டணம் பயணம் பற்றித் தனியாகப் பேசலாம். வெங்காரம், போரிக் அமிலம் நான் வாங்குகிறேன்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்குத் தோப்பில். ஒரே ஒரு குறை: ரீப்பர் இல்லை. ஒரு அங்குலச் சதுரத்தில், இரண்டரை அடி நீளத்தில், காய்ந்ததாக ஒரு அறுபது துண்டு வேண்டும். ஈரமான ரீப்பர் வைத்தால் பலகையில் கறை விழும். யாரிடம் இருக்கிறது?

ராயக்கோட்டை ஆசாரி:

என் பட்டறையில் பழைய ஓட்டு வீட்டில் கழற்றிய ரீப்பர் ஒரு கட்டு கிடக்கிறது. ஆணி பிடுங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் வந்தால் பிடுங்கி, அறுத்து எடுத்துக்கொண்டு போகலாம்.

தகடூரான்:

நான் வருகிறேன் அண்ணா. சக்கரத்தையும் எடுத்துவரட்டுமா?

ராயக்கோட்டை ஆசாரி:

ஆணி பிடுங்கக் குறடு எடுத்து வா. ஈரமரம் தம்பியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடு.